சங்கிலிப்பாண்டியின் எண்ணெய் வழக்கு

சங்கிலிப்பாண்டியை ஒரு வருஷத்துக்கு எந்த ஆட்டத்திலும் இறக்கக் கூடாது என்று கபடிக் கமிட்டி தீர்மானம் போட்ட செய்தி, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மாடத்தியின் சாயாக்கடைக்கு வந்து சேர்ந்தது. ஏழேகாலுக்குள் பெஞ்சில் உட்கார இடமில்லை. எட்டு மணிக்குப் பால் தீர்ந்துவிட்டது. புருஷனுக்கு வந்த கேட்டில் பெண்சாதிக்கு வியாபாரம் அமோகமாக நடந்தது என்றால் கேட்க நன்றாக இருக்காது. ஆனால் நடந்தது அதுதான்.

கடை மட்டாஞ்சேரி படகுத்துறைக்கு எதிரில் இருந்தது. மிளகும் சுக்கும் அடுக்கிய கிட்டங்கிகளில் மூட்டை தூக்க வந்த தமிழ் ஆட்கள் ஊர்ச் செய்தி, உலகச் செய்தி எல்லாவற்றையும் அங்கே உட்கார்ந்துதான் பைசல் பண்ணுவார்கள். மாடத்தியின் புருஷன் சங்கிலிப்பாண்டியும் மூட்டை தூக்குகிறவன்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவன் வேறு ஆள். கோட்டைத் தாண்டி அவன் பாடிப் போனால் எதிரே நிற்கும் ஏழு பேரும் காலைப் பின்னால் வைப்பார்கள். ஆலுவாயிலிருந்து ஆலப்புழை வரைக்கும் அவன் பெயர் தெரியாத கபடி ரசிகன் கிடையாது. அந்த எழுபத்தொன்பதாம் வருஷம் அவனுக்கு முப்பத்திரண்டு வயது. அந்த வயதில் ஒருவனை ஒரு வருஷம் வெளியே உட்கார வைத்தால் அவன் மறுபடி களத்துக்கு வர மாட்டான். கள்ளக்களிக்காரன், ஏமாற்றி ஆடுகிறவன் என்ற பெயர் மட்டும்தான் கடைசி வரை கூட வரும். அது அவனுக்கும் தெரியும், மாடத்திக்கும் தெரியும்.

குற்றம் இதுதான். களமசேரி கம்பெனி டீமுடன் அரையிறுதி ஆட்டம். எப்போதும் ஞாயிற்றுக்கிழமை நடப்பது, மாதா கோவில் பெருநாள் காரணமாக மைதானம் கிடைக்காமல் சனிக்கிழமைக்கு மாறியது. முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது மட்டாஞ்சேரி ஒரு புள்ளி பின்னால். சங்கிலிப்பாண்டி பாடிப் போனான். நான்கு பேர் சேர்ந்து அமுக்கினார்கள். நான்கு பேர் கையிலிருந்தும் விலாங்கு மாதிரி வழுக்கி வெளியே வந்து கோட்டைத் தொட்டான். கூட்டம் துண்டை வீசி எறிந்து கூத்தாடியது. ரெஃபரியாக நின்ற வாத்தியார் பைலி மாஷ் மட்டும் கூத்தாடவில்லை. அவர் நடந்து வந்து சங்கிலிப்பாண்டியின் தொடையில் ஒரு விரலை இழுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார். நல்லெண்ணெய்.

தேங்காயெண்ணெயாக இருந்திருந்தால் மாஷ் ஒருவேளை பேசாமல் விட்டிருப்பார். கொச்சியில் பேருந்து இருக்கை முதல் பள்ளிக்கூடப் புத்தகம் வரை எல்லாமே தேங்காயெண்ணெய் வாசனைதான் அடிக்கும், யாரைப் பிடித்து யாரை விடுவது. ஆனால் நல்லெண்ணெயை அந்த ஊர்க்காரர் யாரும் உடம்புக்குத் தேய்த்துக் கண்டதில்லை. வேலை மெனக்கெட்டு வேற்றூர் எண்ணெய் வாங்கிப் பூசியிருக்கிறான் என்றால் அது வழுக்குவதற்கென்றே செய்த வேலை என்று மாஷ் முடிவு கட்டினார். எண்ணெய் பூசி ஆடுவது கபடியில் பெரிய குற்றம். "நீ எண்ண தேச்சோடா?" என்று கேட்டார். சங்கிலிப்பாண்டி சுற்றி நின்ற ரசிகர்களைப் பார்த்தான். இல்லை என்று தலையாட்டினான்.

சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாசகசாலையில் கூடும் கமிட்டி முன்னால் வந்து சொல்லலாம் என்று தீர்மானத்தின் கடைசி வரியில் இருந்தது. ஆகவே சாயாக்கடைக்கு வாதாட ஆறு நாள் கிடைத்தது. அதை வீணாக்குகிற ஆட்களா அவர்கள்.

ரசிகர்களில் தலைமை ரசிகன் ஒச்சப்பன். உசிலம்பட்டிக்காரன். தினம் ஒரு புதுக் காரணத்தோடு கடைக்கு வந்தான். திங்கட்கிழமை அவன் சொன்னது, களமசேரிக்காரர்கள் தங்கள் கைகளில் எண்ணெய் தடவிக்கொண்டு வந்து சங்கிலிப்பாண்டி மேல் துடைத்துவிட்டார்கள் என்பது. பிடிக்கப் போகிறவன் தன் கையிலேயே எண்ணெய் தடவிக்கொண்டு போவானா என்று ஒருவர் கேட்டதற்கு, அதுதான் அவர்களுடைய சூழ்ச்சியே என்றான். செவ்வாய்க்கிழமை மைதானத்து மண்ணிலேயே எண்ணெய் கொட்டி வைத்திருந்தார்கள் என்றான். புதன்கிழமை அவனுக்கு ஞானம் பிறந்தது. சங்கிலிப்பாண்டி துறையில் நல்லெண்ணெய் டின் சுமந்தான், டின் ஒழுகிவிட்டது, அது உடம்பில் ஊறிவிட்டது. இதைக் கேட்டுக் கடையே எழுந்து நின்று ஒச்சப்பன் முதுகில் தட்டியது.

சட்டப் பக்கத்தை வெங்கிட்டு எடுத்துக்கொண்டான். மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். எர்ணாகுளம் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தான். காலைப் படகுக்கு வருகிற வழியில் ஒரு சாயா குடிப்பான். அந்த வாரம் மூன்று படகை விட்டான். பூசியது குற்றம் என்றால் பூசியதைப் பார்த்த சாட்சி எங்கே என்பது அவன் கட்சி. விரலை மோந்து பார்ப்பதெல்லாம் எந்தக் கோர்ட்டில் செல்லும் என்று கேட்டு, மலையாளத்தில் நாலு பக்கத்துக்கு ஒரு மனு எழுதினான். எழுதியதைத் தானே படித்து இரண்டு இடத்தில் கண் கலங்கினான்.

எதிர்க்கட்சி ஒரே ஆள், பிச்சை. பிச்சையும் சங்கிலிப்பாண்டியின் ரசிகன்தான், அதுதான் அவனுடைய துக்கம். ஆட்டத்தன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தானாம். முதல் பாதியிலேயே உடம்பு மினுமினுவென்று இருந்ததாம். நம்ம ஆள் என்பதற்காக எண்ணெயைத் தண்ணீர் என்று சொல்ல முடியுமா என்று கேட்டான். இதற்காக ஒச்சப்பன் அவன் சட்டையைப் பிடித்தான், இன்னும் இரண்டு பேர் அவன் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து எழுந்து போனார்கள். பாவம், அவனும் தினம் வந்தான், தினம் அதையே சொன்னான். மாடத்தி மட்டும் அவனுக்குச் சாயாவில் ஒரு கரண்டி சர்க்கரை அதிகம் போட்டுக் கொடுத்தாள். ஏனென்று யாருக்கும் புரியவில்லை. கடைக்குள் அத்தனை பேர் கத்திக்கொண்டிருக்கையில் சரியாகப் பார்த்தவன் அவன் ஒருவன்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

தெரியாமல் எப்படி இருக்கும்? எண்ணெய் தேய்த்ததே அவள்தான்.

சங்கிலிப்பாண்டிக்குச் சனிக்கிழமை தவறினால் கண் எரியும். ஆறு நாள் மிளகு மூட்டையும் மிளகாய் மூட்டையும் முதுகில் ஏறினால் உடம்பு அடுப்பாகிவிடும். கல்யாணமான நாளிலிருந்து சனிக்கிழமை விடியும் முன் மாடத்தி நல்லெண்ணெயைச் சுட வைத்து, இரண்டு மிளகு போட்டு இறக்கி, அவனைப் பலகையில் உட்கார வைத்து உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்துவிடுவாள். எதிராளி ஏழு பேரை நடுங்க வைக்கிற ஆள் கண்ணை மூடிக்கொண்டு பச்சைப்பிள்ளை மாதிரி தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பிறகு சீயக்காய். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குள் எண்ணெய் போன இடம் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை இரண்டு கோளாறு. ஆட்டம் அன்றைக்கே. சீயக்காய் தீர்ந்து போய், ஊரிலிருந்து வர வேண்டிய பொட்டலம் வரவில்லை. இன்றைக்கு எண்ணெய் வேண்டாம் என்று அவன் சொல்லத்தான் செய்தான். ஒரு வாரம் விட்டால் ராத்திரியெல்லாம் கண்ணெரியுது கண்ணெரியுது என்று என் உயிரை எடுப்பீர்கள், சாயங்காலத்துக்குள் எல்லாம் போய்விடும் என்று அவள் சத்தம் போட்டாள். சத்தம் போட்டுக்கொண்டே எண்ணெய் காய வைத்தாள். தேய்த்து, சிவப்புச் சோப்பால் கழுவி அனுப்பினாள். சோப்புக்கு மேல்தோல் எண்ணெய்தான் போயிற்று. உள்ளே ஊறியிருந்தது நாலு மணி வெயிலில் வியர்வையோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டது.

அப்படியானால் அதைச் சொல்லித் தொலைப்பதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்ல முடியாத இடத்தில் அவன் போய் மாட்டிக்கொண்டிருந்தான். நாலைந்து வருஷத்துக்கு முன் யாரோ ஒரு ரசிகன், இந்த உடம்பு எப்படி அண்ணே இவ்வளவு இரும்பாக இருக்கிறது என்று கேட்டான். சங்கிலிப்பாண்டி மீசையைத் தடவிக்கொண்டு, உப்புத்தண்ணீர்க் குளியல், எண்ணெயே தொடுவதில்லை என்று ஒரு போடு போட்டான். அது பரவி, எண்ணெய் தொடாத கட்டை என்று அவனுக்குப் பட்டமே வந்துவிட்டது. ஒச்சப்பன் அதை நம்பி எண்ணெயை விட்டான். இரண்டு வருஷமாக அவன் தலைமுடி கயிற்றுநார் போல் நின்றது, கண் எப்போதும் சிவந்திருந்தது. அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

வியாழக்கிழமை வீட்டில் மாடத்தி பேச்சை எடுத்தாள். அவன் திங்கள் முதல் கடைப்பக்கம் வரவில்லை. கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் வைத்தால் பாதி அப்படியே இருந்தது. வேலைக்குப் போகும்போது துண்டைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு சந்து வழியாகப் போனான். நம்மால்தானே என்ற எண்ணம் சாயா ஆற்றும்போதும் விடவில்லை.

"நான் வந்து சொல்லுதேன்," என்றாள்.

"சொன்னியோ, அன்னைக்கே நான் செத்தேன்," என்றான் அவன். "கள்ளன்னு சொன்னா பாதிப் பேரு நம்புவான், பாதிப் பேரு நமக்காகச் சண்டைக்கு நிப்பான். இது தெரிஞ்சா ஊரே ஒண்ணாச் சேர்ந்து சிரிக்கும்."

ஆண்பிள்ளை மூளை எப்படி வேலை செய்கிறது பாருங்கள். திருடன் என்று பேர் வாங்கலாம், பெண்டாட்டி கையால் எண்ணெய் தேய்த்துக்கொள்கிறவன் என்று பேர் வாங்கக் கூடாது. மாடத்தி அதற்கு மேல் பேசவில்லை. பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் கால் வைக்க இடமில்லை. மேஜைக்குப் பின்னால் கமிட்டிக்காரர் ஐந்து பேர், நடுவில் பைலி மாஷ். ஒரு ஓரத்தில் சங்கிலிப்பாண்டி வெள்ளைச் சட்டை போட்டு, குனிந்த தலையோடு நின்றான். சன்னலுக்கு வெளியிலும் தலைகள். மாடத்தி கடையைப் பூட்டிவிட்டு வந்து பின்வரிசையில் நின்றாள்.

வெங்கிட்டு மனுவைப் படித்தான். இரண்டாம் பக்கத்திலேயே மாஷ் கொட்டாவி விட்டார். சாட்சி இல்லாமல் எப்படித் தண்டிக்கலாம் என்று அவன் முடித்தபோது, சாட்சி இந்த விரல்தான் என்று மாஷ் விரலைக் காட்டினார். அப்புறம் ஒச்சப்பன் முன்னால் வந்து டின் ஒழுகிய கதையைச் சொன்னான். கதை நன்றாகத்தான் இருந்தது. எந்த நாள் ஒழுகியது என்று மாஷ் கேட்டார். அதே சனிக்கிழமை காலை என்றான் ஒச்சப்பன். அந்தச் சனிக்கிழமை துறையில் வேலைநிறுத்தம், ஒரு கடுகு மூட்டைகூட இறங்கவில்லை என்று கமிட்டிக்காரர் ஒருவர் சொன்னார். ஒச்சப்பன் கலந்துகொண்ட வேலைநிறுத்தம்தான் அது. கொடி பிடித்துக்கொண்டு முன்னால் போனவனே அவன்தான். தான் வேலைக்குப் போகாத நாளில் டின்னை ஒழுக விட்டுவிட்டோமே என்று வாயைத் திறந்தபடி நின்றான்.

இதனால் நிலைமை முன்னைவிட மோசமாயிற்று. எண்ணெய்க் குற்றத்தோடு பொய்ச்சாட்சிக் குற்றமும் சேர்ந்துகொண்டது. இனிமேல் கேட்க ஒன்றுமில்லை, ஒரு வருஷம் ஒரு வருஷம்தான் என்று மாஷ் பேனாவை எடுத்தார்.

மாடத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேஜை முன்னால் போய் நின்றாள். சங்கிலிப்பாண்டி நிமிர்ந்து பார்த்து, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"எண்ணெய் தேச்சது நான்தான், மாஷே," என்றாள். "அன்னைக்குச் சனிக்கிழமை. எங்க ஊர்ல ஆம்பளைக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். அவுக வேண்டாம்னுதான் சொன்னாக. நான்தான் கட்டாயப்படுத்தி உக்கார வச்சேன். தப்பு என்னோடது. எழுதுறதா இருந்தா என் பேரை எழுதுங்க."

ஒச்சப்பன்தான் முதலில் குறுக்கே வந்தான். அக்கா புருஷனைக் காப்பாற்றுவதற்காகப் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறாள், பொம்பளை மனசு அப்படிப்பட்டது, தயவுசெய்து யாரும் இதை நம்பக் கூடாது என்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டான். அண்ணன் எண்ணெய் தொடாத கட்டை என்பது ஊரறிந்த விஷயம் என்றான். கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. கமிட்டியும் கிட்டத்தட்ட அதே முடிவுக்கு வந்தது. காலையிலேயே ஒரு பொய்ச்சாட்சியைப் பார்த்தவர்கள் இரண்டாவது சாட்சியை மட்டும் எப்படி நம்புவார்கள். வெங்கிட்டு ஒருவன்தான் கையிலிருந்த மனுவை மெல்ல மடித்தான். அவன் வீட்டிலும் சனிக்கிழமை உண்டு. நாலு பக்கம் எழுதியவனுக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று என்று அவன் முகம் விழுந்துவிட்டது.

மாடத்திக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. பொய்யை முதுகில் தட்டி வரவேற்ற கூட்டம், உண்மையைச் சொன்னால் கைகூப்பி வழியனுப்புகிறது. இதற்கு மேல் யாரைக் கூப்பிட்டு நிரூபிப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"அவ சொல்லுதது நெசம்."

சங்கிலிப்பாண்டியின் குரல்தான். இரண்டடி முன்னால் வந்திருந்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் என்றான். பதினோரு வருஷமாக என்றான். பலகை, சுடுஎண்ணெய், மிளகு, சீயக்காய் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னான். உப்புத்தண்ணீர்க் குளியல் என்று சொன்னது வெறும் சவடால் என்றும் சொன்னான். சொல்லச் சொல்ல வியர்த்தது, ஆனால் நிறுத்தவில்லை. மைதானத்தில் கேட்டபோது இல்லை என்று தலையாட்டியது, சுற்றி நின்றவர்கள் சிரிப்பார்கள் என்ற வெட்கத்தால்தான் என்றான்.

அவன் பயந்த சிரிப்பு வந்தது. சன்னலுக்கு வெளியில் தொடங்கி உள்ளே பரவியது. பிச்சை விழுந்து விழுந்து சிரித்தான், ஒரு வாரத்துப் பாரம் இறங்கிய சிரிப்பு அது. கமிட்டிக்காரர்களில் இரண்டு பேர் துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். ஒச்சப்பன் மட்டும் சிரிக்கவில்லை. "ரெண்டு வருசம்ணே," என்றான், தன் தலைமுடியைப் பிடித்துக் காட்டி. அதைப் பார்த்துப் பைலி மாஷே சிரித்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் மாஷ் மற்றவர்களோடு தலையைச் சேர்த்துப் பேசினார். கள்ளக்களி என்ற வார்த்தையைத் தீர்மானத்திலிருந்து அடித்துவிடலாம் என்று முடிவாயிற்று. வழுக்குவதற்காகப் பூசவில்லை, குளித்தபோது போகாத எண்ணெய், அவ்வளவுதான். அதுவும் அவன் வேண்டாம் என்று சொல்லியும் வீட்டில் கட்டாயப்படுத்தித் தேய்த்திருக்கிறார்கள். ஆகவே அவன் மேல் குற்றமே இல்லை, தடையை முழுக்க நீக்கிவிடலாம் என்று மாஷ் சொன்னார். மாடத்திக்கு அப்பாடா என்றிருந்தது. மாஷ் எழுதுவதற்கு முன் ஒரு சம்பிரதாயத்துக்குச் சங்கிலிப்பாண்டியைப் பார்த்து, "அவள் நிர்பந்திச்சிட்டல்லே?" என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். தலையாட்டுவதில் அவனுக்குப் பழக்கமும் இருந்தது.

சங்கிலிப்பாண்டி மாடத்தியைப் பார்த்தான்.

"இல்ல மாஷே. அவ எண்ணெய் காய வைக்க அடுப்படிக்குப் போயிருந்தா. சட்டையக் கழத்திட்டு பலகைய எடுத்துப் போட்டு உக்காந்தது நான்தான். விதி எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது."

வெங்கிட்டு தலையில் கையை வைத்துக்கொண்டான். மாஷ் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். விதி தெரிந்தே உட்கார்ந்தவனை அப்படியே விட முடியாதே என்று வருத்தத்தோடு சொல்லி, இரண்டு மாசம் என்று எழுதினார். நின்றுபோன அரையிறுதி மறுபடி நடக்கும், அவன் இல்லாமல். சங்கிலிப்பாண்டி கும்பிட்டுவிட்டு, ஒரு வாரத்துக்கு அப்புறம் தலை நிமிர்ந்து வாசலைத் தாண்டினான்.

தெருவுக்கு வந்ததும் மாடத்தி அவனைப் பிடித்துக்கொண்டாள். முழுசாக விட்டுவிடுவதாகச் சொன்னபிறகு எதற்காக வாயைத் திறந்தீர்கள், நல்லது நடக்கும்போது பொறுக்காதா, இரண்டு மாசம் உட்கார்ந்து மீசையைத் தடவுங்கள் என்று நடந்துகொண்டே பொரிந்து தள்ளினாள். பின்னால் ரசிகர் கூட்டம் பத்தடி தள்ளி மரியாதையாக வந்துகொண்டிருந்தது. அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"ஒரு வாரமா நீ சாப்பிடல," என்றான் கடைசியில். "நான் சாப்பிடலேங்கிறத மட்டும்தான் எண்ணிக்கிட்டு இருந்தே. உன்னாலதான்னு நெனச்சுக்கிட்டு கெடந்தியே, அத அப்படியே உன் தலையில விட்டுட்டு நான் எங்க போயி பாடுறது?"

ஒரு வாரமாக வராமலிருந்த அழுகை நடுத்தெருவில், அத்தனை ரசிகர்களும் பார்த்துக்கொண்டிருக்க, அப்போது வந்தது. அவன் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கொடுத்தான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடையைத் திறக்க நேரமாயிற்று என்று முன்னால் நடந்தாள்.